மலைநாட்டின் காடும் உலகச் சந்தையும்

ஐரோப்பிய நகரங்களில் விற்பனையாகும் தேயிலைப் பெட்டிகள் பலவற்றின்மீது இன்று ஒரு பச்சைத் தவளையின் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்தேயிலை விளைந்த தோட்டம் காட்டை அழிப்பதில்லை, நீரோடையை நஞ்சாக்குவதில்லை, காட்டு விலங்கை வேட்டையாட விடுவதில்லை, தொழிலாளரை முறைப்படி நடத்துகிறது என்று வாங்குவோருக்கு உறுதி கூறும் அடையாளம் அது. 'ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ்' என்னும் அமைப்பு வழங்கும் அச்சான்றைப் பெற்ற தோட்டங்கள் நமது மத்திய மலைநாட்டிலும் உள்ளன. ஆயின் இம்மலைநாட்டின் வரலாற்றை அறிந்தவர்கள் அத்தவளையைக் காணும்போது சற்றுத் தயங்கவே செய்வர். இலங்கையில் வாழ்ந்து அடியோடு அழிந்துவிட்டன என்று விலங்கியலாளர் கணக்கிட்டுள்ள தவளையினங்கள் பதினைந்துக்கும் மேற்பட்டவை. அத்தகைய சிற்றுயிர்களின் இருப்பிடமாயிருந்த ஈரக்காடுகளை வெட்டிச் சாய்த்த நிலத்திலேதான் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நடப்பட்டன.

காட்டை அழித்த உலக வாணிகம் இன்று காட்டின் காவலனாக வேடம் பூண்டு வந்திருக்கிறதா? அன்றி உண்மையிலேயே அதனாற் காட்டுக்கு நன்மை விளையக்கூடுமா? ஏகாதிபத்தியத்தின் கொடுமையை அறிந்த நம்மிற் சிலர், வாணிகம் யாவும் கொள்ளையே என்று கூறி இக்கேள்வியைத் தள்ளிவிடுவர். சந்தையைத் தெய்வமாக வணங்குவோரோ, விலை ஒன்றே எல்லாவற்றையும் சீர்செய்துவிடும் என்பர். மலைநாட்டின் இரு நூற்றாண்டு அனுபவம் இவ்விரு கூற்றுகளையும் ஏற்கவில்லை. வாணிகத்துக்கு நிபந்தனை விதிப்போர் யார், அந்நிபந்தனையின் செலவைச் சுமப்போர் யார் என்பவற்றைப் பொறுத்தே இங்குக் காடு அழிந்ததும் உண்டு, பிழைத்ததும் உண்டு. அவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கோப்பி வந்த கதை

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டபோது, மலைநாட்டின் உயர்ந்த பகுதிகள் பெரும்பாலும் காடாகவும் புல்வெளியாகவும் கிடந்தன. மூடுபனியைத் தன் இலைகளாலும் பாசியாலும் வடித்தெடுத்து நிலத்துக்கு நீராக்கித் தரும் குறுமரக் காடு அது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்து மடியும் நெலு என்னும் செடியும், செந்நிறப் பூக்கள் சொரியும் ரொடொடென்ட்ரன் மரமும், கொம்புள்ள ஓணானும், சிறுத்தையும், யானையும் அங்கு வாழ்ந்தன. கண்டி அரசர்கள் நாட்டின் பாதுகாப்புக் கருதிச் சில காடுகளை வெட்டலாகாதெனத் தடை செய்திருந்தனர். அடிவாரக் கிராமத்துச் சிங்கள மக்கள் சேனைப்பயிர் செய்தும், மாடு மேய்த்தும், விறகும் மூலிகையும் எடுத்தும் காட்டோடு உறவு கொண்டிருந்தனர்.

கோப்பியைப் பெருந்தோட்டப் பயிராக்கும் முயற்சி 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்திலே தொடங்கிற்று. பேராதனைக்கு அருகே கன்னொருவையில் அவரே தோட்டம் அமைத்தார். ஆயினும் அதனைப் பெருவெள்ளமாக்கியவை கடல்கடந்த இடங்களில் நிகழ்ந்த மாற்றங்களே. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அங்குக் கோப்பி விளைச்சல் வீழ்ச்சியுற்றது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கு இங்கிலாந்தில் விதிக்கப்பட்டிருந்த இறக்குமதி வரி, மேற்கிந்தியக் கோப்பிக்குரிய வரிக்குச் சமமாகக் குறைக்கப்பட்டது. இலண்டனில் வரிப்பட்டியலின் ஒரு வரி திருத்தப்பட்டது. அதன் விளைவாகக் கம்பளையிலும் புசல்லாவையிலும் கோடரி ஒலித்தது. வாணிகத்தின் விதிகள் தூரத்து மலைகளின் உருவத்தை மாற்றவல்லவை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

நிலத்துக்கு வழி செய்தது சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என விதித்தது. தலைமுறை தலைமுறையாகக் காட்டைப் பயன்படுத்திய கிராமத்தவரிடம் பத்திரம் ஏது? அவ்வாறு முடிக்குரியதான நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுள் அரசாங்க அதிகாரிகள், இராணுவத்தினர், நீதிபதிகள், பாதிரிமார் யாவரும் இருந்தனர். சட்டம் இயற்றியவர்களும் நிலம் வாங்கியவர்களும் ஒரே வட்டத்தினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காடு வெட்டிய முறை அக்காலத்துத் தோட்டத்துரைமார் எழுதிய நூல்களிற் பதிவாகியிருக்கிறது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு மட்டும் வெட்டி நிறுத்திவிடுவர். பின்னர் உச்சியில் நிற்கும் பெருமரங்களை முற்றாக வெட்டுவர். அவை சாயும்போது கீழே உள்ள வரிசையை வீழ்த்தும். அவ்வரிசை அடுத்ததை வீழ்த்தும். சில நிமிடங்களில் ஒரு மலைச்சரிவு முழுவதும் பேரொலியோடு சரிந்துவிடும். வெயிலில் உலர்ந்தபின் தீ வைப்பர். அந்தச் சாம்பலின்மேற் கோப்பிக் கன்று நடப்படும். யானைகளும் இத்திட்டத்துக்கு இடையூறெனவே கருதப்பட்டன. மேஜர் ரோஜர்ஸ் என்னும் அதிகாரி தனியொருவராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார்.

வெட்டிய காட்டைத் தோட்டமாக்கத் தமிழகத்திலிருந்து வந்தனர் நம்மவர். பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக்கொடுமையாலும் துரத்தப்பட்ட உழவர் குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளை நோக்கி நடந்தன. காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் ஆயிரக்கணக்கினர். அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைந்து 2023இல் அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றதை நாம் அறிவோம். காட்டின் அழிவும் இம்மக்களின் துன்பமும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள். இலண்டன் சந்தையில் ஒரு றாத்தல் கோப்பிக்குக் கிடைத்த விலையில், எரிந்த காட்டுக்கோ வழியில் மாண்ட மனிதனுக்கோ ஒரு பென்சும் சேர்க்கப்படவில்லை.

நோய் கற்பித்த பாடம்

1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணம் விளைத்த துருநோய் அது. 1880இல் அனுப்பப்பட்ட ஆங்கில அறிவியலாளர் மார்ஷல் வார்ட், நோயின் இயல்பை ஆராய்ந்து உண்மையை வெளிப்படுத்தினார். இடையீடின்றி மலை மலையாக ஒரே பயிரை நட்டமையாலும், காற்றைத் தடுக்கும் காட்டு வேலியை விட்டுவைக்காமையாலும் நோயின் வித்து காற்றோடு தங்குதடையின்றிப் பரவிற்று.

இங்கே ஒரு செய்தி சிந்தனைக்குரியது. நோய் வந்தபின்னரும் கோப்பிப் பயிர்ச்செய்கை சுருங்கவில்லை, விரிந்தது! 1870களில் உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறிற்று. விளைச்சல் குறைந்தாலும் வருமானம் குறையாததால், துரைமார் புதுக்காட்டை வெட்டி மேலும் மேலும் உயரே சென்றனர். டிம்புலை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பள்ளத்தாக்குகளின் காடுகள் அக்காலத்திலேதான் பெருமளவில் வீழ்ந்தன. பத்தாண்டின் இறுதியிற் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டிற்று. அடுத்த பத்தாண்டில் அத்தனையும் சரிந்தது. சந்தை விலை ஆபத்தை முன்கூட்டியே உணர்த்தும் என்போர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலமும் பயிரும் நோயுற்றிருந்த வேளையில் விலை, "இன்னும் வெட்டு" என்றே கூறிற்று.

உயிர்களின் பன்மையை இக்காலத்தில் உயிர்ப்பல்வகைமை என்கிறோம். அழகுணர்ச்சி கொண்டோரின் பொழுதுபோக்காக அதனைக் கருதுவோர் கோப்பியின் கதையைப் படிக்கவேண்டும். அப்பன்மையை அழித்த வாணிகம் இருபது ஆண்டுகளில் தன்னையே அழித்துக்கொண்டது.

ஐயாயிரம் அடிக் கோடு

கோப்பி மோகம் உச்சத்திலிருந்த அதே காலத்தில், மலைநாட்டுக் காட்டின் ஒரு பகுதியைக் காப்பாற்றிய நிகழ்ச்சியும் நடந்தது. 1873இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடவேண்டுமென ஆலோசனை கூறினார். மழையும் நீரூற்றும் கெட்டுவிடும் என்பதே அவர் காட்டிய காரணம். அதனை ஏற்று அரசாங்கம் அக்கோட்டுக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவதைத் தடுத்து ஆணை பிறப்பித்தது. 1885இல் காட்டுச் சட்டமும் வந்தது.

அவ்வாணையிற் கருணை எதுவும் இல்லை. ஓணானையும் தவளையையும் அது நினைக்கவுமில்லை. தோட்டங்களுக்கு நீர் வேண்டுமென்பதே அதன் நோக்கம். ஹூக்கர் தலைமை தாங்கிய கியூ பூங்காவோ பேரரசின் வாணிகப் பயிர்களைக் கண்டம் விட்டுக் கண்டம் மாற்றிய நிலையம். நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்காவும் 1861இல் சிங்கோனா மரத்தை வளர்க்கவே அமைக்கப்பட்டது. அக்கோட்டுக்கு மேல் அதற்குமுன் விற்கப்பட்ட நிலங்கள் தோட்டங்களாகவே தொடர்ந்தன. நுவரெலியாவைச் சூழ ஆறாயிரம் அடி உயரத்தில் இன்றும் தேயிலை நிற்பது அதனால்தான்.

இருந்தபோதிலும் விளைவு பெரிது. சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடும், மகா எலிய என்று கிராமத்தவர் அழைத்த ஹோட்டன் சமவெளியும் கோடரிக்குத் தப்பின. மகாவலி, களனி, வளவை ஆகிய பேராறுகளின் தலையூற்றுகள் இம்மலைகளிலே உள்ளன. கொழும்பு நகர மக்கள் பருகும் களனி நீரும், காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களால் எழும் மின்சாரமும் இக்காட்டுக்குக் கடன்பட்டவை. 2010இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம், சிவனொளிபாத மலைக்காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைக்காடு ஆகிய மூன்றையும் உலக மரபுரிமையாக ஏற்றது. 1853இல் அறியப்பட்டு, அதன்பின் எவர் கண்ணிலும் படாது அழிந்துவிட்டதெனக் கருதப்பட்ட ஒரு சிறு புதர்த்தவளை, 2009இல் சிவனொளிபாத மலைக்காட்டில் உயிரோடு மீண்டும் காணப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு அதற்கு அடைக்கலம் தந்தது அக்காடு.

விலை காட்டை வெட்டத் தூண்டிய நாளில் அதனைத் தடுத்து நிறுத்தியது பொதுச்சட்டம். அதுவும் அந்நிய ஆட்சியின் சட்டம். தன் நலம் கருதிய சட்டம். அதற்கே இத்துணைப் பயன் விளைந்ததெனில், மக்கள் நலம் கருதும் சட்டம் எத்துணை பயன் தரும் என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தேயிலையின் ஆட்சி

ஹேவாஹெட்டையை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் இருபத்துமூன்று றாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. கோப்பி வீழ்ந்ததும் அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1875இல் ஆயிரம் ஏக்கரைச் சற்றே தாண்டியிருந்த தேயிலை நிலம் 1890களின் நடுவில் மூன்று இலட்சம் ஏக்கரை எட்டிற்று. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் இரயில் பாதை அடைந்தது. 1890இல் இலங்கை வந்த தாமஸ் லிப்டன், அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கி, இடைத்தரகரின்றி மலிவு விலைப் பொட்டலங்களில் ஆங்கிலத் தொழிலாளரின் வீடுவரை தேயிலையைக் கொண்டு சென்றார்.

தேயிலைக்கென வெட்டிய காடு கோப்பிக்கு வெட்டியதைவிடக் குறைவு. பெரும்பாலும் பழைய கோப்பி நிலத்திலேயே அது நடப்பட்டது. ஆயினும் வேறு வழிகளில் அது காட்டைத் தின்றது. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் தொழிற்சாலைகளுக்கு விறகு வேண்டியிருந்தது. காட்டுத் துண்டுகள் விறகாயின; அவை தீர்ந்தபின் யூக்கலிப்டஸ் போன்ற அந்நிய மரங்கள் நடப்பட்டன. மழையில் மேல்மண் கரைந்து ஆற்றோடு சென்றது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆதலின் கோப்பிக் காலத்தில் அறுவடைக்கு வந்து திரும்பிய தொழிலாளர் தேயிலைக் காலத்தில் லயங்களில் நிலைத்துவிட்டனர். காலை பிரட்டுக்களத்தில் தொடங்கி மாலைக் கொழுந்து நிறுவை வரை அவர்களது வாழ்வு கங்காணி, கணக்குப்பிள்ளை, துரை என்னும் அடுக்கின்கீழ் அமிழ்ந்தது.

சந்தை விதிக்கும் புதிய நிபந்தனைகள்

கடந்த சில பத்தாண்டுகளில் உலக வாணிகத்துக்கு வேறு வகை நிபந்தனைகள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றுட் சிலவற்றின் பயனை மறுப்பது நேர்மையாகாது.

முதலாவது, அரிய உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கை. 1973இல் உருவான அதில் இலங்கை 1979இற் சேர்ந்தது. நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளிக் காடுகளில் வாழும் கொம்பு ஓணானையும் அதன் இனத்தவற்றையும் ஏற்றுமதி செய்ய இலங்கை வணிக அனுமதி அளித்ததில்லை. இருந்தும் அவை வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைகளில் விற்கப்பட்டன. நம் சட்டத்தின் கை கொழும்புத் துறைமுகத்தோடு நின்றுவிட்டது. 2019இல் கொழும்பில் நடைபெறவிருந்த சைட்டஸ் மாநாடு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் காரணமாக ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே இலங்கையின் கோரிக்கைப்படி இவ்வோணான்கள் பாதுகாப்புப் பட்டியல்களிற் சேர்க்கப்பட்டன. இன்று அவற்றை விற்பவன் வாங்கும் நாட்டிலும் குற்றவாளி. விற்கும் நாடும் வாங்கும் நாடும் ஒரே விதிக்குக் கட்டுப்படும்போது வாணிகம் உயிரைக் காக்கும் கருவியாகிறது.

இரண்டாவது, நச்சு மருந்து பற்றிய கட்டுப்பாடு. தேயிலைத் தவறணைகளில் மண்ணிலுள்ள நுண்புழுக்களைக் கொல்ல மெத்தில் புரோமைட் என்னும் வாயு ஒருகாலத்தில் பயன்பட்டது. அது வானின் ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையை அடுத்து இலங்கைத் தேயிலைத்துறை அதனைக் கைவிட்டு, அச்சிறப்பைக் கூறும் இலச்சினையோடு தேயிலையைச் சந்தைப்படுத்தலாயிற்று. ஐரோப்பாவும் ஜப்பானும் தேயிலையில் எஞ்சும் பூச்சிகொல்லி, களைக்கொல்லி அளவுக்கு எல்லை வகுத்துள்ளன. அந்த எல்லை குடிப்பவரின் உடல்நலம் கருதியது. ஆனால் மலையில் மருந்து குறைந்தால் மருந்தடிக்கும் தொழிலாளிக்கும், ஓடையில் வாழும் மீனுக்கும், லயத்துப் பீலியில் நீர் பிடிக்கும் தாய்க்கும் நன்மையே.

மூன்றாவது, வரிச்சலுகை. ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையைப் பெற விரும்பும் நாடு இருபத்தேழு சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்தவேண்டும். உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையும், சைட்டஸும், தொழிலாளர் உரிமை பற்றிய அடிப்படை உடன்படிக்கைகளும் அவற்றுள் அடங்கும். மனித உரிமை மீறல்களைக் காட்டி 2010இல் இலங்கையிடமிருந்து பறிக்கப்பட்ட அச்சலுகை 2017இல் மீண்டும் கிடைத்தது. காடும் தொழிலாளியும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது.

நான்காவது, முதலிற் குறிப்பிட்ட சான்றிதழ். லிப்டன் பெயரை அன்று தன் உடைமையாகக் கொண்டிருந்த யூனிலீவர் நிறுவனம், தன் தேயிலையைச் சான்று பெற்ற தோட்டங்களிலிருந்தே வாங்கப்போவதாக 2007இல் அறிவித்தது. பெரிய வாங்குநர் ஒருவர் இவ்வாறு கூறினால் தோட்ட நிர்வாகங்கள் செவிசாய்க்காமல் இருக்க முடியாது. ஓடைக்கரையில் மருந்தடியாத பட்டை விடுதல், எஞ்சிய காட்டுத் துண்டைக் காத்தல், வேட்டையைத் தடுத்தல், தடை செய்த நஞ்சுகளைக் கைவிடல் என்பன அச்சான்றின் விதிகள். சிறுத்தைகள் தோட்டங்களூடே காட்டுத் துண்டிலிருந்து காட்டுத் துண்டுக்கு நடமாடுகின்றன என்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். அத்தகைய துண்டுகள் சான்றின் பொருட்டேனும் நிலைக்குமாயின் அது வரவேற்கத்தக்கதே.

செலவைச் சுமப்பவர் யார்?

எனினும் இரண்டாம் கேள்வி எஞ்சுகிறது. ஓடைக்கரையிலே தேயிலை எடுக்காது விட்ட நிலத்தின் இழப்பையும், களைக்கொல்லிக்குப் பதிலாகக் கையால் புல்வெட்டும் கூலியையும், சோதனையாளருக்குரிய கட்டணத்தையும் கொடுப்பவர் யார்? வாங்குநர் நிபந்தனையை மட்டும் அனுப்பி விலையை உயர்த்தாவிடில், நிர்வாகம் அச்செலவைத் தன் இலாபத்திற் கழிப்பதில்லை. கொழுந்தின் நிறையைக் கூட்டியும், வேலைநாளைக் குறைத்தும் தொழிலாளியின் மேல் இறக்கிவிடும். 2020இல் வெளியான ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸின் புதிய தரவிதிகள், சந்தை விலைக்கு மேலாக ஒரு தொகையை வாங்குநர் கொடுக்கவேண்டும் என்ற கொள்கையைச் சேர்த்திருப்பதே இக்குறை உண்மை என்பதற்குச் சான்று. நியாய வாணிகம் என்னும் மற்றொரு முறையிலோ, மேலதிகத் தொகையின் செலவைத் தொழிலாளர் பிரதிநிதிகளைக் கொண்ட குழுவே முடிவு செய்கிறது. இது சிறியதாயினும் சரியான திசையில் வைத்த அடி.

நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021இலேதான் அதனை அரசாங்க அறிவித்தலாகப் பெற்றனர். 2024இல் அது 1,350 ரூபாயாயிற்று. அதற்கிடையில் நாட்டின் பொருளாதாரம் சரிந்து அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறிவிட்டன. அடுப்புக்கு எரிவாயு வாங்க இயலாத குடும்பம் காட்டோரத்தில் விறகு பொறுக்காமல் என் செய்யும்? மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி அழித்தால் கம்பிச் சுருக்கு வைக்கத் தோன்றாதா? 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அத்தகைய சுருக்கிற் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தையொன்று, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. செய்தி கேட்டு நாடே வருந்திற்று, வருந்தத்தக்கதே. ஆயின் சுருக்கு வைத்தவனைத் தண்டிப்பதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர், அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் போதிய கூலியும் உண்டா என்று கேட்பதில்லை.

இம்மண்ணில் நூறாண்டுக்கு மேல் உழைத்த மக்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது. தோட்டங்கள் அந்நியக் கம்பனிகளிடமிருந்து 1970களில் அரசுடைமையாகி, 1992இல் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றன. இத்தனை மாற்றங்களிலும் மலையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளி அமர்த்தப்படவில்லை. எந்தச் சரிவில் மண் அரிக்கிறது என்பது கான் வெட்டுபவருக்குத் தெரியும். எந்த ஓடை வற்றிவருகிறது என்பது பீலிக்கரையிற் காத்துநிற்கும் பெண்ணுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டும்போது எந்தப் பறவையின் கூடு கையில் தட்டுப்படும் என்பதும் அவர்களுக்கே தெரியும். சான்றிதழ் வழங்க வரும் சோதனையாளர் ஓரிரு நாட்களில் அறியமாட்டாத அறிவு இது.

மக்களைக் கேளாது பசுமையின் பெயரால் இடும் கட்டளை எங்கே கொண்டுவிடும் என்பதையும் நாம் கண்டோம். 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடை செய்யப்பட்டது. மாற்று உரமும் இல்லை, பழகுவதற்குக் காலமும் இல்லை. சில மாதங்களில் தடை நீங்கியபோதும், முந்திய ஆண்டில் ஏறத்தாழ முப்பது கோடி கிலோவாக இருந்த தேயிலை விளைச்சல் 2022இல் இருபத்தைந்து கோடியாக வீழ்ந்தது. அதற்குமுன் 2015இல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடுத்தபோதும் இவ்வாறே நடந்தது. தோட்டங்கள் வேறு களைக்கொல்லிகளை நாடின. அவற்றுள் ஒன்றின் எச்சம் ஜப்பானியச் சந்தையில் இலங்கைத் தேயிலைக்குச் சிக்கலை உண்டாக்கிற்று. நஞ்சைக் குறைக்கும் நோக்கம் தவறன்று. உழைப்போரோடு ஆயத்தம் செய்யாது ஆணையிட்டதே தவறு.

நம் முன் உள்ள பணி

ஆகவே உலக வாணிகம் உயிர்ப்பல்வகைமையைக் காக்கத் துணைபுரியுமா என்ற வினாவுக்கு, துணைபுரியும், ஆனால் தானாகப் புரியாது என்பதே மலைநாட்டு வரலாறு தரும் விடை. அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. சந்தையின் சான்றுக்குப் பின்னால் நாட்டின் சட்டம் நிற்கவேண்டும். ஐயாயிரம் அடிக் கோடு அதற்கு முன்மாதிரி. நிபந்தனையோடு விலையும் வரவேண்டும். காட்டைக் காக்கும் செலவைத் தேநீர் அருந்தும் செல்வநாடுகள் பகிர்ந்து கொள்ளவேண்டும், ஏனெனில் காட்டை வெட்டிய இலாபம் அவற்றையே சேர்ந்தது. அவ்விலையின் பங்கும், மலையைப் பற்றிய முடிவில் ஒரு குரலும் தொழிலாளியை அடையவேண்டும்.

இம்மூன்றாவதே இன்னும் தொடங்கப்படாத பணி. மலையகத் தொழிற்சங்கங்கள் கூலியைப் பற்றிப் பேசும் மேசையில் ஓடைக்கரையையும் காட்டுத் துண்டையும் பற்றியும் பேசத் துணியவேண்டும். சூழலைக் காக்க விழையும் நகரத்து அன்பர்கள், சிறுத்தைக்காக எழுப்பும் குரலை லயத்துக் குடிநீருக்காகவும் எழுப்பவேண்டும். தோட்டப் பாடசாலைகளிற் பணிபுரியும் நாமோ, தம் பெற்றோர் உழைக்கும் மலையின் வரலாற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். கோப்பி எவ்வாறு வந்தது, காடு எவ்வாறு வீழ்ந்தது, எஞ்சிய காடு எவ்வாறு நின்றது என்பதை அறிந்த மாணவர், தம் வீட்டுப் பீலிக்கு நீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று தேடிப் பார்ப்பர். அக்காட்டைக் கேட்பாரற்ற நிலமெனக் கருதி எவரும் நாளை விற்க முனைந்தால், அதற்கு உரிமை கோரி எழும் முதற் குரல் அவர்களுடையதாக இருக்கும்.